தொரையின் பெயரில் ஓடிய ஸ்கிரிப்ட்

கணினிக்கு ஒரு ஸ்கிரிப்டை எழுதி முடித்ததும் நீங்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்கிறீர்கள்: "வேலை செய்யுதுங்க ஐயா." ஓய்வு பெற்ற பிறகும் ஹட்டன் அலுவலகத்துக்குத் தேநீர் குடிக்க வந்து போகிற கிழவன் என்ற உரிமையில் நான் ஒரு கேள்வி கேட்பேன். "யாருடைய பெயரில் உள்ளே போய் ஓட்டிப் பார்த்தீங்க?" உடனே உங்கள் முகம் சுளிக்கும். "என் பேர்லதான்" என்பீர்கள். உங்கள் பெயருக்கு நிர்வாகி அதிகாரம் இருக்கிறது. நாளைக்குத் தோட்டத்து ஆபிஸில் உட்கார்ந்து அதை ஓட்டப்போகிற கிளாக்கருக்கு அது இல்லை. இந்தக் கிழவனுக்கு வேறு வேலையில்லை என்று நான் கதவைத் தாண்டியதும் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கத்தான் செய்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் ஏன் விடமாட்டேன் என்பதை ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி காலம் அது. எனக்கு இந்தத் தொழிலைக் காட்டித் தந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் சொல்லமாட்டேன், தன் பெயர் எங்கேயும் அடிபடுவது அவருக்குப் பிடிக்காது. நாங்கள் எல்லோரும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம். நம் தேயிலைக் கம்பெனியின் கீழிருந்த தோட்டத்து ஆபிஸ் கணினிகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு, நான் அவருக்கு அடுத்த ஆள். வேலையில் ஒரு கம்பி பிசகினாலும் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவார். மத்தியானம் ஆனால் தன் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் கைவைப்பார். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு நூறு கதை இருக்கிறது. ஆனாலும் உங்களுக்குச் சொல்லவேண்டியது இந்த ஒன்றைத்தான்.

லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டம். அங்கே கருப்பையா என்று ஒருவர் இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் ரோதை இயந்திரங்களுக்கு நடுவிலேயே நின்று வேலை செய்து காலத்தைக் கழித்தவர். அந்த இரைச்சல் அவருடைய இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. காதோரம் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதற்குப் பிறகு நெஞ்சு போனது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, "வீட்டுல வச்சு நல்லா பார்த்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அவருடைய மகள் சாந்தி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். போய்ப் பல வருடம். இந்த முறை லீவு கேட்டபோது, அந்த வீட்டு மேடம் முடியாது என்றுவிட்டாள். இங்கேயிருந்து அவளுக்குப் போன் எடுக்க வழியில்லை. அவளாக எடுத்தால் பேசலாம், அதுவும் மேடம் விட்டால்தான். எடுத்தாலும் அப்பாவுக்கு என்ன கேட்கப்போகிறது? தம்பி முருகையாவிடம் பேசுவாள், அவன் வந்து அப்பாவுக்குக் கையால் சாடை காட்டுவான். கிழவர் படுக்கையில் கிடந்தபடி கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அவ மொகத்த ஒரு தடவ பாத்துக்கிறேன்டா."

அந்தத் தோட்டத்து ஆபிஸில் செல்வம் என்று ஒரு கிளாக்கர். கமெரா வைத்து இன்டர்நெட்டில் முகம் பார்த்துப் பேசலாம் என்று கண்டுபிடித்தவன் அவன்தான். குவைத்து வீட்டில் பிள்ளைகளுக்குக் கணினி இருந்தது. வெள்ளிக்கிழமை பெரியவர்கள் தொழுகைக்குப் போய் வந்து ஓய்வெடுக்கிற நேரத்தில் அரை மணி நேரம் அதில் உட்கார்ந்துகொள்ள மேடம் சம்மதித்திருந்தாள். இங்கே தோட்டத்து மேனேஜரை நாங்கள் தொரை என்போம், அவரும் நல்ல மனிதர். "செய்யுங்க, வெளிநாட்டுல ஆள் இருக்கிற மத்தக் குடும்பமும் வந்து பேசட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு சிக்கல் இருந்தது. ஆபிஸ் கணினி கம்பெனி நெட்வொர்க்கில் ஒரு நிலையான முகவரியோடு இருந்தது. இன்டர்நெட் லைனுக்கு வேறு முகவரி வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கூடாது என்பது கொழும்புத் தலைமையகத்தின் கட்டளை. ஒவ்வொரு தடவையும் கையால் மாற்றினால் கிளாக்கர் குழப்பிவிடுவார் என்று சேர் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினார். இரட்டைக் கிளிக் செய்தால் முகவரி இன்டர்நெட்டுக்கு மாறும், இன்னொன்றைக் கிளிக் செய்தால் பழையபடி கம்பெனிக்கு வரும். நாலைந்து வரிதான். கடைசி வரி, வேலை முடிந்தது என்று திரையில் காட்டும்.

இப்போது தோட்டத்துப் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். உங்களில் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள், உங்களுக்குத் தெரியாததில்லை. புது மெஷின் வந்தால் முதல் பொத்தானைத் தொரை அமுக்கவேண்டும். புதுத் தண்ணீர்க் குழாய் போட்டால் முதலில் தொரை திறந்துவிடவேண்டும். தொரை கைவைக்காமல் எதுவும் ஆரம்பமாகாது. கணினிக் கணக்கும் அதே லட்சணம்தான். அந்த ஆபிஸில் எங்களைத் தவிர தொரையின் கணக்குக்கு மட்டும் நிர்வாகி அதிகாரம் கொடுத்திருந்தோம். அவர் அந்தக் கணினியில் சீட்டு விளையாடியதைத் தவிர வேறெதுவும் செய்து நான் கண்டதில்லை. ஆனாலும் தொரைக்குக் குறைந்த கணக்கைக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு அவருக்கு முன்னால் போய் நிற்பது? சம்பளம், கொழுந்து நிறை, ஆபிஸ் கடிதம் என்று அத்தனையும் பார்த்த செல்வத்துக்கு இருந்தது கட்டுப்படுத்திய கணக்கு. அதில் இருப்பவரால் நெட்வொர்க் முகவரியைத் தொட முடியாது.

ஸ்கிரிப்டைக் கொண்டுபோன அன்றைக்கும் வழக்கம் தப்பவில்லை. தொரை வந்து கதிரையில் உட்கார்ந்தார், தன் பெயரில் உள்ளே போனார், கிளிக் செய்தார். இன்டர்நெட் வந்தது. இன்னொரு கிளிக், கம்பெனி நெட்வொர்க் வந்தது. எல்லோரும் கைதட்டினோம். பங்களாவிலிருந்து கேக்கும் டீயும் வந்தன. செல்வம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு, நீ ஒருக்கா உன் பெயரில் போய்ச் செய்து காட்டு என்று யாரும் சொல்லவில்லை. தொரை ஆரம்பித்துவைத்ததைக் கிளாக்கர் எழும்பி மறுபடி சோதிப்பதா? அது மரியாதைக் குறைவாகத் தெரிந்திருக்கும். சேருக்கும் அந்த நேரம் அது தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தொரை கொழும்பில் கூட்டத்துக்குப் போயிருந்தார். முருகையாவும் பக்கத்து லயத்து ஆளும் கருப்பையாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு ஆபிஸுக்கு வந்தார்கள். கிழவர் முகம் வழித்து, கறுப்புக் கோட்டுப் போட்டு, விபூதி பூசியிருந்தாராம். செல்வம் தன் பெயரில் உள்ளே போய் ஸ்கிரிப்டைக் கிளிக் செய்தான். முடிந்தது என்று திரை சொன்னது. இன்டர்நெட் வரவில்லை.

என்ன நடந்தது என்று உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். முகவரியை மாற்ற உனக்கு அதிகாரமில்லை என்று விண்டோஸ் மறுத்துவிட்டது. ஆனால் அந்த வரி தோற்றதா என்று ஸ்கிரிப்ட் பார்க்கவே இல்லை. அது பாட்டுக்குக் கடைசி வரிக்குப் போய், முடிந்தது என்று எழுதிவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அதே கதைதான். இங்கே கொடுக்காத பூசாரி, கொடுத்தாயிற்று என்று பொய்யும் சொல்லிவிட்டார். செல்வம் திரையை நம்பினான். லைனில்தான் கோளாறு என்று நினைத்து ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டான், கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினான். சாந்திக்குக் கிடைத்த அரை மணி நேரத்தில் நல்லதொரு பங்கு அதிலேயே கரைந்துபோனது. அதற்குப் பிறகுதான் ஹட்டனுக்குப் போன் எடுத்தான்.

போனை எடுத்தது சேர். நான் பக்கத்தில் நின்றேன். செல்வம் கத்திய கத்தலில் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"சேர், முடிஞ்சதுன்னு காட்டுதுங்க, ஆனா ஒண்ணும் வர மாட்டேங்குது. அய்யா வந்து ஒக்காந்திருக்காரு சேர். அந்தப் புள்ள அங்க காத்துக்கிட்டிருக்கும்."

"ஆற்றை பேரிலை உள்ளுக்குப் போனனீர்?"

"எம் பேர்லதாங்க."

சேர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு பதிலில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "துரை எங்கை?"

"கொழும்புலங்க. போன் அடிச்சுப் பாத்தேன், ஆஃப் பண்ணியிருக்கு."

வழி ஒன்று இருந்தது. எங்களுடைய நிர்வாகிக் கடவுச்சொல்லைப் போனில் சொல்லிவிட்டால் செல்வம் அதைத் தட்டி ஸ்கிரிப்டை ஓட்டிவிடுவான், ஒரு நிமிட வேலை. ஆனால் கம்பெனித் தோட்டங்கள் அத்தனைக்கும் ஒரே கடவுச்சொல்தான். அது வெளியே போனால் எல்லா ஆபிஸும் திறந்த வீடு. கடவுச்சொல்லை எந்தக் காரணத்துக்காகவும் போனில் சொல்லக்கூடாது என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவர் சேர்தான். செல்வத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்கிற சத்தம் வேறு கேட்டது.

"சேர், சொல்லிடுவோமா?" என்றேன்.

அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "எல்லாத்துக்கும் ஒண்டுதானே தம்பி. சொல்லேலாது. டிரைவரிட்டை வானை எடுக்கச் சொல்லும், நாங்கள் போவம்." பிறகு போனில், "செல்வம், அந்தப் பிள்ளை காத்திருப்பாள். நாங்கள் வாறம்" என்றார்.

அரை மணி தாண்டினாலும் மேடம் கொஞ்சம் விட்டுக்கொடுப்பாள் என்ற நம்பிக்கையில் கிளம்பினோம். கொட்டகலை தாண்டும்வரை வான் நன்றாகத்தான் ஓடியது. அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. தலவாக்கலைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் விறகு லொறி குறுக்கே நின்றுவிட்டது. சேர் வானைவிட்டு இறங்கி மழையில் நனைந்தபடி லொறிக்காரனுக்குச் சிங்களத்தில் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார். அவன் பாவம், அவன் மட்டும் என்ன செய்வான், சில்லுக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தான். யாரிடமும் குரல் தாழ்த்தாத மனிதர் அப்படிக் கும்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கருப்பையா திரைக்கு நேராக உட்கார்ந்திருந்தார். கோட்டின் பொத்தான்கள் எல்லாம் பூட்டியபடி இருந்தன. சேர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நிர்வாகியாக உள்ளே போய் ஸ்கிரிப்டை ஓட்டினார். உடனே இன்டர்நெட் வந்தது. சாந்தியின் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது, அவள் போய்விட்டாள் என்று அர்த்தம். அவள் விட்டுப்போன செய்திகள் மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஆங்கில எழுத்தில் தட்டியிருந்த தமிழைச் செல்வம் வாசித்தான்.

"அப்பா வந்தாச்சா?" "நான் இருக்கேன்." "செல்வண்ணே, இருக்கீங்களா?" "நான் இருக்கேன்." "மேடம் கூப்பிடுறாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வாறேன். அப்பாகிட்ட சொல்லுங்க."

முருகையா அப்பாவுக்கு முன்னால் குந்தி, வெறும் திரையைக் காட்டி, கையை விரித்து, அடுத்த வெள்ளி என்று எப்படியோ சாடையில் புரியவைத்தான். கிழவர் தலையாட்டினார். "சரிடா. வேல இருக்கும் அதுக்கு" என்றார். சேர் அவருக்குப் பக்கத்தில் குனிந்து, "ஐயா, பிழை என்ரை. என்னை மன்னியுங்கோ" என்று சொன்னார். கேட்காத காதுக்கு இரண்டு தடவை சொன்னார். கருப்பையா அவருடைய நனைந்த சட்டையைப் பார்த்துவிட்டு மகனிடம், "சாருக்கு ஒரு டீ ஊத்திக் குடுக்கச் சொல்லு" என்றார்.

திரும்பி வருகிறபோது வானில் சேர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "பாஸ்வேர்டைச் சொல்லிப்போட்டு, நாளைக்கே ஆளுக்கொரு பக்கமாப் போய் எல்லாத் தோட்டத்திலையும் மாத்தியிருக்கலாம். ஒரு நாள் வேலை. மாத்தக்கூடியதைப் பத்திரமா வைச்சிட்டு, திருப்பி எடுக்கேலாததை விட்டிட்டன்."

பிள்ளைகளே, அவரைக் குறை சொல்ல உங்களுக்கு இதை நான் எழுதவில்லை. விதி நல்ல விதிதான். நானும் உங்களுக்கு அதைத்தான் சொல்லித் தருகிறேன், நாளைக்கும் சொல்லித் தருவேன். ஆனால் நெருக்கடி வந்து தலைக்கு மேல் நிற்கிறபோது விதியை மட்டும் பார்க்காதீர்கள். இந்தப் பக்கம் தவறினால் எதைச் சரிசெய்யலாம், அந்தப் பக்கம் தவறினால் எதைச் சரிசெய்யவே முடியாது என்று ஒரு மூச்சு யோசியுங்கள். சேருக்கு அந்த யோசனை வானில் திரும்பி வரும்போதுதான் வந்தது. அதற்காக அவர் பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தேன்.

திங்கட்கிழமை காலையிலேயே மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போனோம். விண்டோஸில் நெட்வொர்க் அமைப்பை மட்டும் மாற்ற விடுகிற ஒரு குழு இருக்கிறது. முழு அதிகாரமும் கொடுக்கத் தேவையில்லை, ஒன்றும் கொடுக்காமல் விடவும் தேவையில்லை. செல்வத்தை அந்தக் குழுவில் சேர்த்தார். ஒவ்வொரு வரியும் நடந்ததா என்று பார்த்து, நடக்காவிட்டால் நடக்கவில்லை என்று உண்மையைச் சொல்கிற மாதிரி ஸ்கிரிப்டைத் திருத்தினார். செல்வத்தை அவனுடைய கதிரையில், அவனுடைய பெயரில் உட்காரவைத்து, கணினியை அணைத்து எழுப்பி, திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். செல்வத்துக்கே அலுத்துப்போய், "போதுங்க சேர்" என்றான். "நான் பக்கத்திலை நிக்கேக்கை ஓடினாக் காணாது. நான் வெளியிலை போறன், இன்னொருக்கா ஓட்டும்" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றார். அன்றிலிருந்துதான் நம் பிரிவில் அந்தப் பழக்கம் வந்தது.

புதன்கிழமை கருப்பையா இறந்துபோனார். செல்வம் போன் எடுத்துச் சொன்னான். சேர் சரி என்று ஒரு சொல் சொல்லி ரிசீவரை வைத்தார். அன்றைக்குச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவே இல்லை.

சாந்திக்கு யாரும் சொல்ல முடியவில்லை. ஏஜன்சிக்காரன் போனை எடுக்கவில்லை. அவளாகவும் அழைக்கவில்லை, மேடம் விட்டிருக்கமாட்டாள். வெள்ளிக்கிழமை அவள் கணினிக்கு முன்னால் வந்து உட்காருவாள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். நானும் சேரும் போனோம். எங்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. போகாமல் இருக்க முடியவில்லை.

ஆபிஸில் முருகையா கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். செல்வம் கேட்டான்: "அப்புறமாச் சொல்லிக்கலாமாடா? வேற வீட்டுல தனியா இருக்கும். அழுதா ஆத்துறதுக்குக்கூட ஆள் கெடையாதே."

"இன்னைக்கு உட்டா இன்னும் ஒரு வாரம்ணே" என்றான் முருகையா. "அப்பாவக் கூட்டிட்டு வாங்கன்னு கேக்கும். நான் என்னத்தச் சொல்லுவேன்? இன்னைக்கே சொல்லிர்றேன்."

செல்வம் தன் பெயரில் உள்ளே போனான். ஸ்கிரிப்டைக் கிளிக் செய்தான். ஒவ்வொரு வரியும் நடந்தது என்று திரை காட்டியது, இந்தத் தடவை அது உண்மை. சாந்தியின் பெயர் பச்சையாக இருந்தது. அழைத்ததும் எடுத்துவிட்டாள்.

முதலில் அவள் முகம் வரவில்லை. கமெராவுக்கு நேராக ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கருப்பையா தோட்டப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவர், பெரிய எழுத்து என்றால் கூட்டிக் கூட்டி வாசித்துவிடுவார். அதற்காகத் தடித்த கறுப்பு எழுத்தில் எழுதியிருந்தாள்: அப்பா நான் நல்லா இருக்கேன். அவர் வாசித்து முடிக்கட்டும் என்று அதை அசைக்காமல் வெகுநேரம் பிடித்திருந்தாள். இரண்டு பக்கத்திலும் அவளுடைய விரல்கள் மட்டும் தெரிந்தன.

முருகையா திரைக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான். கொள்ளி வைத்த மகனுடைய மொட்டைத் தலை.

அட்டை மெதுவாகக் கீழே இறங்கியது. முகத்துக்குப் பவுடர் போட்டு, அப்பாவின் கண்ணுக்குத் தெரியட்டும் என்று பெரிய பொட்டாக வைத்திருந்தாள். சிரித்துக்கொண்டுதான் அட்டையை இறக்கினாள். தம்பியின் தலையைப் பார்த்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவேண்டி வரவில்லை.

சேர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு இணைப்பு ஒரு தடவைகூட அறுபடவில்லை.